ஹைப்ரிட் ராக்கெட் கட்டப் போகிறீர்களா? இரும்புக்கு முன்னால் கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம், ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைக்கொட்டகையில், நாங்கள் ஏழு மாணவர்கள் பதினெட்டு மாதம் ஒரு ஹைப்ரிட் எஞ்சினோடு மல்லுக்கட்டினோம். அந்தப் பதினெட்டில் உலோகத்தைக் கையால் தொட்டு வேலை செய்தது ஐந்து மாதம்கூட வராது. மிச்சமெல்லாம் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, சிலிண்டர் வரவில்லை, மழை நிற்கவில்லை, நாளைக்குத் தோட்டத்துக் கோயில் திருவிழா என்று போனதுதான். உங்கள் குழு அந்தப் பதிமூன்று மாதத்தில் பாதியையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ராக்கெட் இன்னும் பறக்கவில்லை. எஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டு எரிக்கும் ஸ்டேட்டிக் டெஸ்ட் மூன்று முறை ஒழுங்காக முடிந்திருக்கிறது, ஒரு முறை எரிக்காமலே வாயுவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் பட்டு அறிந்ததை விரிவாகச் சொல்கிறேன். பறக்கவிடும் பகுதியில் அனுமதி விஷயம் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

1. எவ்வளவு பெரிய எஞ்சின் என்பதை முதல் வாரமே முடிவு செய்யுங்கள்

ஹைப்ரிட் என்றால் எரிபொருள் திடமாகவும் அதை எரிக்க ஆக்ஸிஜன் தருவது திரவமாகவோ வாயுவாகவோ தனி டேங்கிலும் இருக்கும். மாணவர்கள் கட்டுவதில் பெரும்பாலும் மெழுகு அல்லது ரப்பர் ஒரு பக்கம், நைட்ரஸ் ஆக்ஸைடு மறுபக்கம். டேங்கை நிரப்பும்வரை வெடிமருந்து என்று சொல்லத்தக்க எதுவும் கொட்டகையில் இருக்காது, அதனால்தான் கல்லூரிகள் இதற்குச் சம்மதிக்கின்றன.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் இதே வகை எஞ்சினை வைத்து 2023 ஏப்ரலில் சுவீடனின் எஸ்ரேஞ்சிலிருந்து 64 கிலோமீட்டர் உயரம் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு யாரும் முதல் எஞ்சினைப் பெரிதாக வரையாதீர்கள், நாங்கள் வரைந்தோம், ஆறு வாரம் வீண். 1 கிலோ நைட்ரஸ், 150 கிராம் மெழுகு. இது ஏறக்குறைய 2,000 நியூட்டன் விநாடி (எரியும் நேரம் முழுக்கக் கிடைக்கும் மொத்த உந்துதல்) தரும், எஞ்சின்களை அந்த அளவால் பிரிக்கும் எழுத்து வரிசையில் கே வகுப்பு. முதல் எஞ்சினுக்கு இது தாராளம். அது மூன்று முறை ஒரே மாதிரி எரிந்தால் 4 கிலோவுக்குப் போகலாம், அது எம் வகுப்பு, 8,000க்கு மேல் வரும். நைட்ரஸும் மெழுகும் எடையில் 7க்கு 1 அல்லது 8க்கு 1 என்ற விகிதத்தில் நன்றாக எரியும். முதல் கணக்குக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. கடிதங்கள்: உலோகம் வாங்குவதற்கு முன்னால்

எங்கள் பெரிய தவறு இதுதான். எஞ்சின் முடிந்ததும் அனுமதி கேட்கலாம் என்று இருந்துவிட்டோம். எஞ்சின் தயாராகி நான்கு மாதம் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. நீங்கள் வரைபடம் போடும் வாரமே கடிதத்தையும் எழுதுங்கள்.

எல்லாக் கடிதமும் மலாயில், கல்லூரியின் தலைப்புத்தாளில், பொறுப்பு விரிவுரையாளரின் கையெழுத்தோடு போகவேண்டும். மாணவர் கையெழுத்தில் போனது எதற்கும் எங்களுக்குப் பதில் வந்ததில்லை. கூடவே இணைக்க வேண்டியவை: குழு உறுப்பினர் பட்டியல் ஐசி (அடையாள அட்டை) எண்ணோடு, பெற்றோர் சம்மதக் கடிதம், ஹிராக் எனப்படும் அபாய மதிப்பீட்டுப் படிவம், நைட்ரஸ் விற்பவர் தரும் பாதுகாப்புத் தாள், இடத்தின் வரைபடம். அந்த வரைபடத்தில் எஞ்சினைச் சுற்றி வட்டம் போட்டு, அருகில் உள்ள வீடு, சாலை, மின்கம்பி எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். வட்டம் இல்லாத வரைபடத்தை யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள்.

ஹிராக்கை ஒப்புக்கு நிரப்பாதீர்கள். ஜேகேகேபி என்ற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது, அதன் அட்டவணை முறையிலேயே போடுங்கள். எங்களுடைய முதல் படிவத்தில் 'தீ' என்று ஒரே வரி. பொம்பா (தீயணைப்புத் துறை) அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிலிண்டர் லோரியிலிருந்து இறங்குவது முதல் காலி சிலிண்டர் திரும்பிப் போவது வரை ஒவ்வொரு அடிக்கும் தனி வரி போடச் சொன்னார். அப்படிப் போட்டபோது நாற்பத்தொரு வரி வந்தது, அதில் ஏழெட்டு நாங்கள் நினைத்தே பார்க்காதவை.

இன்னொரு பொறி. சீனியர்களிடம் மாதிரிக் கடிதம் வாங்கி அப்படியே பெயர் மாற்றி அனுப்பாதீர்கள். டேங்க் ஓர் அழுத்தக் கலன் என்பதால் பழைய கடிதங்களில் ஆலை, இயந்திரச் சட்டம் 1967 என்று இருக்கும். அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இல்லை, இப்போது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இன் கீழ்தான் வருகிறது. பழைய பெயரோடு போன எங்கள் கடிதம் ஓர் அலுவலகத்தில் மூன்று வாரம் படுத்திருந்து அப்படியே திரும்பி வந்தது. உங்கள் டேங்க்குக்குத் தகுதிச் சான்று வேண்டுமா, வேண்டாமா என்பதை ஜேகேகேபியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கௌண்டரில் வாயால் சொன்னது அடுத்த மாதம் கௌண்டரில் ஆள் மாறியதும் செல்லாது.

ஸ்டேட்டிக் டெஸ்ட்டுக்கு எங்களுக்குத் தேவைப்பட்ட கடிதங்கள் நான்கு: கல்லூரி, தோட்ட நிர்வாகம், மாவட்டப் போலீஸ், பொம்பா. நான்கும் கைக்கு வரப் பதினோரு வாரம். இதில் தோட்டத்துக் கடிதம் கிடைத்த பிறகுதான் போலீஸ் பார்ப்பார்கள், போலீஸ் முத்திரை விழுந்த பிறகுதான் பொம்பா. ஒரே நாளில் நான்கையும் கொடுத்தால் நேரம் மிச்சம் என்று நினைக்காதீர்கள், நினைத்தோம்.

3. இடம்

தோட்டத்துக்குள் சும்மா கிடக்கும் நிலம் எல்லாம் சும்மா கிடப்பதில்லை. நாங்கள் முதலில் பார்த்த இடம் அழகான சமவெளி, பக்கத்தில் வீடே கிடையாது, ஆனால் காலை முழுக்கப் பழம் அறுப்பவர்களும் லோரியும் போகும் வழி அதுதான். மானேஜரிடம் போவதற்கு முன்னால் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் போங்கள். எந்த நிரையில் எந்தக் கிழமை அறுப்பு, யாருடைய மாடு எங்கே மேயும், எந்தப் பாதை மழைக்கு மூழ்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கடைசியில் பழைய ஈயலம்பத்து (ஈயச் சுரங்கத்து) மணல்வெளியைக் காட்டியதும் ஒரு மண்டோர் ஐயாதான். மணல் என்பதால் தீ பரவாது, ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் செம்மண் மேடு, நாங்கள் அதன் பின்னால் 150 மீட்டரில் உட்கார்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் சரியான நேரம், அறுப்பு இருக்காது. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் துக்கவீடு இருந்தால் அன்றைக்கு எரிக்காதீர்கள், அனுமதி இருந்தாலும். எங்கள் இரண்டாவது தேதியை அப்படித்தான் தள்ளிவைத்தோம், அதற்குப் பிறகு தோட்டத்து ஆட்களே மாட்டை ஓட்டிக்கொண்டு போய் உதவினார்கள். சுற்றியுள்ள காய்ந்த ஓலையை முந்தைய நாளே வாரி அப்புறப்படுத்துங்கள்.

4. நைட்ரஸ்: நம் ஊர் வெயிலில் இது வேறு பொருள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

வெளிநாட்டுக் குழுக்கள் எழுதியதையெல்லாம் படித்தால், நைட்ரஸ் தன் அழுத்தத்தாலேயே தன்னைத் தள்ளிக்கொள்ளும், தனியாகப் பம்ப் வேண்டாம் என்று இருக்கும். உண்மைதான். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 50 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அவர்களுடைய காலைப்பொழுது 15, 20 டிகிரி. நம்முடையது விடியும்போதே 24. 30 டிகிரியில் 63 பார், 35இல் 70. 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய்விடும், உங்கள் கணக்கு எதுவும் அதற்குப் பிறகு செல்லாது. மத்தியான வெயிலில் வைத்த அலுமினிய டேங்க் அந்த அளவை எளிதாகத் தொடும்.

அழுத்தத்தை விட மோசமானது விரிவது. 4 கிலோ நைட்ரஸ் திரவம் 20 டிகிரியில் 5.1 லிட்டர் இடம் பிடிக்கும், 35 டிகிரியில் 6.8 லிட்டர். காலையில் டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டு, வால்வு சரியில்லை, அதைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ சரியில்லை என்று இரண்டு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பதற்கு விரிய இடமில்லாமல் போகும். அதனால் டேங்கின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது காலி விடுங்கள், எவ்வளவு ஏற்றினோம் என்பதை டேங்கைத் தராசில் நிறுத்தியே அறியுங்கள், அழுத்தத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். அழுத்தம் மீறினால் தானே உடைந்து வழிவிடும் உடைதகடோ பாதுகாப்பு வால்வோ இல்லாத டேங்கில் ஒரு கிராம்கூட ஏற்றாதீர்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 4 கிலோ எஞ்சினின் முதல் நாள், காலை 7 மணிக்கு டேங்க் 55 பார் காட்டியது. வால்வு திறக்கும் சர்வோ சிக்கிக்கொண்டது. ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். நிரம்பிய டேங்க்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று எழுதி வைத்தவனே அவன்தான். விரிவுரையாளர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். பேசிப் பேசி 10.30 ஆனபோது 66 பார், அப்புறம் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் வெளியே திறந்துவிட்டோம். போனது பணம்தான், சரி. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ஒரே ஓர் ஏற்பாடு: கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும் வகையில் வெளியேற்றும் வால்வை வைத்திருந்தோம். பேட்டரி வயரைப் பிடுங்கினால் போதும், டேங்க் காலி. அதை மறக்காமல் வையுங்கள்.

நைட்ரஸ் தானே எரியாது என்பதால் சாதுவான வாயு என்று நினைத்துவிடக்கூடாது. சூடோ அழுக்கோ சேர்ந்தால் அது தானாகச் சிதைந்து வெப்பத்தைக் கக்கும். 2007 ஜூலையில் கலிபோர்னியாவின் மொஹாவியில் தீயே மூட்டாமல் நைட்ரஸ் ஓட்டத்தை மட்டும் பார்த்த ஒரு சோதனையில் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் இதையே தொழிலாகச் செய்தவர்கள். ஆகவே நைட்ரஸ் தொடும் எந்தப் பாகத்திலும் எண்ணெய், கிரீஸ், கைரேகை எதுவும் இருக்கக்கூடாது. கடையில் வாங்கும் வால்வு, ஃபிட்டிங் எல்லாம் எண்ணெய் தடவித்தான் வரும், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் புதுப் பையில் கட்டி வையுங்கள். துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வு பயன்படுத்தினால் மூடியிருக்கும்போது அதன் உருண்டைக்குள் கொஞ்சம் திரவம் சிறைப்பட்டு நிற்கும், சூடேறினால் அது வெளியேற வழி வேண்டும். வழி உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்குவது எப்படி? விற்பவர்களுக்கு மாணவர் என்றாலே சந்தேகம், சிரிப்பு வாயு அல்லவா. கல்லூரிக் கடிதம், எங்கே வைப்பீர்கள், யார் பொறுப்பு, எவ்வளவு வேண்டும், இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகு ஈப்போவில் ஒரு கடையில் ஒத்துக்கொண்டார்கள். கணக்குத் திறந்து சிலிண்டர் கைக்கு வர ஐந்து வாரம். எடுக்கும்போது உள்ளே அடிவரை போகும் குழாய் உள்ள சிலிண்டரா என்று கேளுங்கள். குழாய் இல்லையென்றால் நிமிர்த்தி வைத்த சிலிண்டரிலிருந்து திரவத்துக்குப் பதிலாக வாயுதான் வரும். நாங்கள் ஒரு காலை முழுக்க டேங்க் ஏன் நிரம்பவில்லை என்று தலையைச் சொறிந்தது இதனால்தான். கார் பந்தயத்துக்கு விற்கும் வகையை வாங்காதீர்கள், அதில் சிலவற்றில் யாரும் முகர்ந்துவிடாதபடி கந்தக வாயு கலந்திருப்பார்கள்.

5. டேங்க்கும் லேத் கடையும்

தோட்டப்புற ஊரில் ஒரு வசதி, எண்ணெய் ஆலைக்குப் பாகம் கடையும் லேத் கடைகள் உண்டு. எங்கள் தவுக்கே (கடை முதலாளி) வரைபடத்தைப் பார்த்ததும் அரை மணி நேரத்தில் எங்கள் அளவுகளில் இரண்டு தப்பு காட்டினார். ஆனால் அவரிடம் மூலையில் கிடக்கும் அலுமினியத் துண்டில் செய்யச் சொல்லாதீர்கள், அது எந்த வகை என்று அவருக்கே தெரியாது. 6061 டி6 என்ற அலுமினிய வகைதான் என்று ஆலைச் சான்றோடு குழாயை நீங்களே வாங்கிக் கொடுங்கள், சான்றின் நகலைக் கோப்பில் வையுங்கள், பின்னால் கேட்பார்கள். பற்றவைக்கவும் விடாதீர்கள். வெல்டிங் பட்ட இடத்தில் அந்த அலுமினியத்தின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். மூடியைப் போல்ட் போட்டோ வளையம் வைத்தோ பிடிக்கவையுங்கள்.

டேங்க் முடிந்ததும் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். காற்றால் ஒருபோதும் வேண்டாம். தண்ணீர் என்றால் உடைந்தால் ஒழுகும், காற்று என்றால் சிதறும். அமெரிக்காவில் நடக்கும் ஐரெக் என்ற மாணவர் ராக்கெட் போட்டியின் விதியை நாங்கள் பின்பற்றினோம்: வேலை செய்யும் உச்ச அழுத்தத்தின் 1.5 மடங்கில் நிறுத்திக் காட்டவேண்டும், உலோக டேங்க் 2 மடங்குவரை உடையாதபடி வடிவமைக்கவேண்டும். நம் ஊருக்கு உச்ச அழுத்தம் என்பதை 50 என்று போடாதீர்கள், 72 என்று போடுங்கள். தண்ணீரைக் கையால் அழுத்தும் பம்ப்பை ஸ்பிரிங்கிளர் குழாய் போடுபவர்களிடம் நாள் வாடகைக்கு எடுத்தோம், 60 வெள்ளி (ரிங்கிட்). சோதனையை அழுத்தமானி தெரியும்படி வீடியோ எடுங்கள்.

6. மெழுகு

இது சுலபம், மலிவு, நன்றாகவும் எரியும். ரப்பர் வகையை விட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கரையும், அதனால் எரிவதற்கு மெழுகின் நடுவே ஒரே ஒரு துளை போதும். மெழுகுவர்த்தி செய்பவர்களிடமே மூலப்பொருள் கிடைக்கும். ஆறும்போது சுருங்கி நடுவில் விரிசல் விடும், ஆகவே ஒரே மூச்சில் ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொஞ்சம் கரித்தூள் கலந்தால் வெப்பம் உள்ளே ஊடுருவி மெழுகை இளக்காது. அடுப்பில் நேரடியாக வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். ஊற்றிய எரிபொருளைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கப் போகாதீர்கள். திரும்பி வந்தபோது எங்களுடையது ஒரு பக்கம் சாய்ந்து பானைபோல் உட்கார்ந்திருந்தது.

7. எரிக்கும் நாள்

விடியற்காலை 5 மணிக்கு இடத்தில் இருங்கள், 8.30க்குள் எரிக்க முடியவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இந்த எல்லையை முதல் நாளே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் விட மனசு வராது. சிலிண்டருக்கும் டேங்க்குக்கும் குடை பிடித்து ஈரச்சாக்கு சுற்றுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை உறுதி, வயர் விரித்த மணல்வெளியில் மின்னலுக்கு நிற்காதீர்கள்.

நிரப்பத் தொடங்கிய பிறகு ஆள் கிட்டே போகாமலே நிரப்ப, மூட்ட, காலிசெய்ய முடியவேண்டும். முடியாதென்றால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. எரிந்து முடிந்ததும், டேங்க் அழுத்தம் பூஜ்யம் என்று திரையில் பார்த்த பிறகும், நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். உந்துவிசை, டேங்க் அழுத்தம், மெழுகு எரியும் அறையின் அழுத்தம் மூன்றையும் பதிவு செய்யுங்கள். அறை அழுத்தம் ரம்பப் பல்போல் மேலும் கீழும் ஆடினால், டேங்க்குக்கும் அறைக்கும் இடையில் அழுத்த வித்தியாசம் போதவில்லை என்பதே முதல் சந்தேகம். நைட்ரஸை அறைக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளைகளைச் சிறிதாக்கிப் பாருங்கள்.

8. பறக்கவிட

எங்கள் மணல்வெளி ஈப்போ விமான நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆகவே அங்கிருந்து ஏவுவதை அன்றே மறந்துவிட்டோம். வான்வெளிக்குச் சிஏஏஎம் (சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேண்டும். மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் 2022 உங்கள் உயரத்துக்குப் பொருந்துமா என்று மலேசிய விண்வெளி நிறுவனமான மைசாவிடம் கடிதம் போட்டுக் கேளுங்கள். பாராசூட்டை வெளியே தள்ளக் கருமருந்து வைப்பதாக இருந்தால் வெடிபொருள் சட்டம் 1957, அதாவது மறுபடியும் போலீஸ். அந்த வம்பு வேண்டாமென்று நாங்கள் கரியமில வாயுக் குப்பிக்கு மாறிவிட்டோம். ரேடியோ வாங்கும்போது அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் என்று வருவதை அப்படியே வாங்காமல், இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துள்ள அலைவரிசையை எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) பட்டியலில் பார்த்து வாங்குங்கள்.

ராக்கெட்டை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் வியூக வர்த்தகச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. ராக்கெட் பாகம் என்றதும் சுங்கத்தில் கேள்வி வரும். வர்த்தக அமைச்சான மித்தியிடம் முன்கூட்டியே உங்கள் பாகங்களின் பட்டியலைக் கொடுத்து, அனுமதி தேவையா இல்லையா என்று எழுத்தில் வாங்கி, பெட்டிக்கு மேலேயே ஒட்டுங்கள்.

9. பணம்

எங்களுக்கு ஆனது மொத்தம் 9,100 வெள்ளி. டேங்க் குழாயும் லேத் கூலியும் 1,900, வால்வும் ஃபிட்டிங்கும் 2,400, சென்சரும் எலக்ட்ரானிக்ஸும் 1,100, இரண்டு சிலிண்டர் வாயு 1,600, மெழுகு, கிராஃபைட் நாசில், ஓ ரிங் 600, இரும்புச் சட்டம் 700, மிச்சம் 800 பெட்ரோலும் சோறும். இதில் யாரும் குறைத்துப் போடுவது வால்வைத்தான், அதைக் குறைக்காதீர்கள். சிலிண்டருக்கு 500 வெள்ளி முன்பணம் தனி, திரும்பக் கிடைக்கும். ஆனால் வாடகை மாதக் கணக்கு, 1ஆம் தேதி பிறந்தால் முழு மாதம் போடுவார்கள். ஆகவே எரிக்கும் தேதியை மாத நடுவில் வைத்து, காலி சிலிண்டரை 28ஆம் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.